குறையறிந்து சுவைத்தல்

'எனக்கு விருப்பமான தொலைக்காட்சி நிகழ்ச்சி' என்னும் தலைப்பில் கட்டுரை எழுதுமாறு பணித்தால், வகுப்பில் பெரும்பாலோர் செய்திகளையும் பொது அறிவுப் புதிர்ப் போட்டிகளையும் விரும்பிப் பார்ப்பதாக எழுதுவர். எழுதிய கையோடு வீட்டிற்குச் சென்று அவர்கள் உண்மையில் எதைப் பார்க்கிறார்கள் என்பதை ஆசிரியர் அறிவார். ஆசிரியர் அறிவார் என்பதை மாணவரும் அறிவர். இருபுறமும் அறிந்த இப்பொய்க்குப் பத்துக்கு எட்டுப் புள்ளிகள் கிடைக்கின்றன. எழுத்துப்பிழை இல்லாதிருந்தால் ஒன்பதும் கிடைக்கும்.

ஆசிரியர் மட்டும் இதற்கு விலக்கானவரா? ஆசிரியர் அறையில் அமர்ந்து திரைப்படங்களின் தரக்குறைவைக் கடிந்து பேசுவோர்க்கு, அப்படங்களின் கதை பெரும்பாலும் முடிவுவரை தெரிந்திருக்கும். முடிவுவரை அமர்ந்து பார்த்தவர்க்கன்றி அது தெரிய வழியில்லை. நல்ல நூலையும் தாழ்ந்த நூலையும் பிரித்தறியக் கற்றுக்கொடுப்பதே தொழிலாகக் கொண்ட ஒருவர், தாழ்ந்தது என்று தம் அறிவே தீர்ப்பளித்த ஒன்றில் மனம் தோய்ந்து இன்புறுகிறார். இது முறையா? இதில் எங்கேனும் நேர்மைக் குறைவு உண்டா? சிறு வினாவாகத் தோன்றினும், இலக்கியம் கற்பிப்போர் தள்ளிவிட முடியாத வினா இது.

பொதுவாகப் பேசினால் இவ்வினா காற்றில் கரைந்துவிடும். ஆகவே, குறையும் கவர்ச்சியும் ஒருசேர மிகுந்திருந்த ஒரு தொடரை எடுத்துக்கொண்டு ஆராய்வது நலம். பிரித்தானியாவில் ஜெரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் இணையர் உருவாக்கிய 'ஸ்பேஸ்: 1999' என்னும் அறிவியல் புனைகதைத் தொடர் அதற்கு ஏற்றது. 1975 முதல் 1977 வரை, பருவத்திற்கு 24 பகுதிகளாக இரண்டு பருவங்களில் 48 பகுதிகள் வெளிவந்தன. அதுவரை பிரித்தானியத் தொலைக்காட்சிக்கென எடுக்கப்பட்டவற்றுள் மிகுந்த பொருட்செலவுடையது என்று பேசப்பட்ட தொடர் அது.

கதையின் அடித்தளம் இதுதான். நிலவின் மறுபுறத்தில் பூமியின் அணுக்கழிவுகளைப் புதைத்து வைத்திருக்கின்றனர். 1999ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் அக்கழிவு வெடிக்கிறது. வெடிப்பின் வேகத்தில் நிலா தன் பாதையை விட்டுப் பெயர்ந்து விண்வெளிக்குள் பாய்கிறது. அங்கே ஆல்பா என்னும் ஆய்வுத் தளத்தில் பணியாற்றிய 311 பேரும் அதனோடு செல்கின்றனர். திரும்ப வழியில்லை. நிலாவுக்குச் சுக்கான் இல்லை. அது கொண்டு செல்லும் இடத்திற்கு அவர்கள் சென்றாக வேண்டும்.

இதைக் கேட்ட அளவிலேயே மனம் ஒருகணம் நின்றுவிடுகிறது. அடுத்த கணம் அறிவு விழித்துக்கொள்கிறது. நிலா பூமியைச் சுற்றும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1 கிலோமீட்டர். கதிரவனை விட்டால் நமக்கு மிக அண்மையில் உள்ள விண்மீனின் தொலைவு 4.2 ஒளியாண்டு. நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் அவ்விண்மீனை அடைய 12 இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். தொடரிலோ வாரத்திற்கு ஒரு புதிய உலகம் எதிர்ப்படுகிறது. அவ்வுலகின் அருகே நிலா கதை நடக்கும் அளவிற்குத் தயங்கி நிற்கிறது. கதை முடிந்ததும் விரைந்து சென்றுவிடுகிறது. ஒரு கோளையொத்த பெருந்திரளைப் பாதையினின்று பெயர்க்கவல்ல வெடிப்பில், அதன்மேல் இருந்த கட்டடங்களும் மாந்தரும் எவ்வாறு பிழைத்தனர் என்பதற்கும் ஏற்ற விளக்கம் இல்லை. புகழ்பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசாக் அசிமோவ், தொடர் வெளிவந்த காலத்திலேயே இத்தகைய அறிவியல் பிழைகளை எடுத்துக் காட்டினார்.

அறிவியல் பிழையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புராணத்திலும் காப்பியத்திலும் நடவாதன நடக்கின்றன. அவற்றை எவரும் அளவுகோல் கொண்டு அளப்பதில்லை. எழுத்தின் குறையே பெரிது. மாந்தர் பேசும் உரைகள் பல இடங்களில் மரக்கட்டை போன்றவை. தளத்தலைவர் ஜான் கோனிக், மருத்துவர் ஹெலினா ரஸ்ஸல் ஆகியோர் எதை அஞ்சுகின்றனர், எதை விரும்புகின்றனர் என்பது பல பகுதிகள் கடந்தும் தெளிவாவதில்லை. முதற் பருவம் முழுவதும் அறிவுக்கும் பரிவுக்கும் உறைவிடமாக விளங்கிய பேராசிரியர் விக்டர் பெர்க்மன், இரண்டாம் பருவத்தில் காணாமற் போகிறார். அவர் என்ன ஆனார் என்று பார்வையாளர்க்கு விளக்கம் தரப்படவில்லை. உடன் வாழ்ந்தோரும் வருந்தியதாகத் தெரியவில்லை. மாணவன் ஒருவன் தன் சிறுகதையில் இவ்வாறு ஒரு பாத்திரத்தைத் தொலைத்திருந்தால், சிவப்பு மையால் ஒரு பெரிய வினாக்குறியைப் பெற்றிருப்பான்.

அமெரிக்கத் தொடரான 'ஸ்டார் டிரெக்'கின் இறுதிப் பருவத்தைத் தயாரித்த பிரெட் ஃபிரைபெர்கர், இத்தொடரின் இரண்டாம் பருவத்திற்குப் பொறுப்பேற்றார். விறுவிறுப்பு வேண்டும் என்பது அவர் நோக்கம். மாயா என்னும் அயலுலகப் பெண் புதிதாகச் சேர்க்கப்பட்டாள். அவள் நினைத்த உருவத்தை எடுக்க வல்லவள். கதையின் முடிச்சு இறுகும்போதெல்லாம் அவள் பறவையாகவோ விலங்காகவோ மாறி அதனை அவிழ்த்துவிடுவாள். இத்தகைய பாத்திரம் எழுத்தாளனின் சோம்பலுக்கு ஊன்றுகோல். தலைவனாக நடித்த மார்ட்டின் லாண்டோவே இரண்டாம் பருவக் கதைகளைப் பற்றிய தம் மனக்குறையை மறைக்கவில்லை.

அப்பருவத்தில் 'லூட்டனின் விதிகள்' என்று ஒரு பகுதி. கோனிக்கும் மாயாவும் பசுமை செழித்த ஓர் உலகில் இறங்குகின்றனர். ஒருவர் ஒரு கனியைப் பறிக்கிறார். மற்றவர் ஒரு பூவைக் கொய்கிறார். உடனே கொலைகாரர் என்று ஒரு குரல் எழுகிறது. அவ்வுலகில் நீதிபதிகளாக வீற்றிருப்பவை மரங்கள். மரம் பேசுவதும், குற்றஞ்சாட்டப்பட்டோரை அயலார் மூவருடன் பொருத வைப்பதும் பார்ப்போர்க்கு நகைப்பையே தருகின்றன. ஆயினும், பூக்கொய்தல் ஓர் உயிர்க்கொலையாகத் தீர்ப்புக்கு வரும் ஒரு மன்றத்தை எண்ணிப் பார்க்கச் செய்த அந்த ஒரு கருத்து, நகைப்பு அடங்கிய பின்னும் நெஞ்சில் தங்குகிறது. அதனை வளர்த்தெடுக்கத் தெரியாத எழுத்தாளரின் கையிலிருந்து நழுவிப் பார்வையாளரின் மடியில் விழுந்த கனி அது.

முதற் பருவத்தின் இறுதிப் பகுதிகளுள் ஒன்றான 'ஆர்க்கேடியாவின் சாசனம்' மொழியாசிரியர்க்கு இன்னும் சுவையானது. உயிர் அற்றுப்போன ஓர் உலகின் குகையில் மனித எலும்புக்கூடுகள் கிடக்கின்றன. சுவரில் எழுத்துகள் காணப்படுகின்றன. அவை சமற்கிருதம் என்கிறார் ஒருவர், படித்தும் காட்டுகிறார். மாந்த இனத்தின் வித்து அவ்வுலகிலிருந்தே பூமிக்கு வந்தது என்பது அச்சாசனத்தின் செய்தி. சில நூற்றாண்டுகளிலேயே ஒலியும் பொருளும் எவ்வளவு திரிகின்றன என்பதை வகுப்பில் விளக்கும் ஆசிரியர், மொழியொன்று விண்மீன்களைக் கடந்தும் ஓரெழுத்தும் திரியாமல் நிற்பதைக் கண்டு புன்முறுவல் பூக்காமல் என் செய்வார்? ஆனால் அக்குகைச் சுவரின் முன் நிற்கும் மனிதர், தம் பாட்டனின் கையெழுத்தை எதிர்பாரா இடத்தில் கண்டவர்போல் வாயடைத்து நிற்கும் காட்சி வரும்போது, புன்முறுவல் பூத்த அதே ஆசிரியரும் சற்று நிமிர்ந்து உட்காருகிறார்.

அந்த நிமிர்வு எதனால் வந்தது? எளிய விடை ஒன்று உண்டு. தொலைக்காட்சித் தொடர் ஒருவர் ஆக்கமன்று. எழுத்து தளர்ந்த இடத்தில் ஏனையோர் தாங்கிப் பிடித்தனர் என்பதே அது. இவ்விடையில் உண்மை இல்லாமல் இல்லை. 'கழுகு' எனப் பெயரிய விண்கலத்தின் பெரிய மாதிரி ஏறத்தாழ 110 செண்டிமீட்டர் நீளமே உடையது. பிரையன் ஜான்சனும் அவர் குழுவினரும் ஒரே படச்சுருளைப் பின்னோக்கிச் சுற்றி மீண்டும் மீண்டும் படம்பிடித்து, கலத்தையும் விண்மீன்களையும் ஒரே சட்டத்துள் கொணர்ந்தனர். அதன் எலும்புக்கூடு போன்ற உடலும், தூசி கிளப்பி அது தரையிறங்கும் பாங்கும், மெய்யாகவே ஒருவர் ஓட்டிச் செல்லும் ஊர்தியைக் காட்டின. ஜான்சன் பின்னாளில் திரைப்படப் பணிக்காக ஆஸ்கார் விருதுகளும் பெற்றார். ஆடையமைப்பாளர் ருடி கெர்ன்ரைக், இடக்கைச் சட்டையின் நிறத்தாலேயே ஒருவர் எப்பிரிவினர் என்று அறியுமாறு சீருடை அமைத்தார். பாத்திரத்தின் நெஞ்சைத் திறந்து காட்டாத எழுத்தாளர்க்கு நடுவே, அவர் செய்யும் பணியையேனும் காட்டிய தையற்கலைஞர் அவர்.

என்றாலும் இவ்விடை போதாது. பொம்மைக் கலத்தின் அழகுக்காக 48 பகுதிகளை ஒருவர் பார்ப்பதில்லை. கைத்திறனை மெச்சுவது வேறு. அடுத்த வாரத்திற்காகக் காத்திருப்பது வேறு.

ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1945இல் 'நல்ல கெட்ட நூல்கள்' என்று ஒரு கட்டுரை எழுதினார். அத்தொடரைப் படைத்தவர் செஸ்டர்டன் என்பதை அவரே குறிப்பிடுகிறார். இலக்கியத் தகுதி கோராமலே, தகுதியுடைய நூல்கள் பல மறைந்த பின்னும் படிக்கப்படும் நூல்கள் உண்டு. அறிவு மதிக்க மறுக்கும் ஒன்றால் மனம் அசைக்கப்படுவது உண்மை என்பது அவர் துணிபு. துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளை அவர் அவ்வகையில் வைத்தார். ஆர்வெலின் கருத்து நம் வினாவிற்குப் பாதி வழி துணை வருகிறது. ஆனால் அவர் கூறும் நூல்களில் கதை சொல்லும் இயல்பான ஆற்றலேனும் இருந்தது. அதுவும் குன்றிய இடத்தில் பிறக்கும் இன்பத்திற்கு என்ன பெயர் சொல்வது?

பெயர் தமிழில் இருக்கிறது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக மருட்கையைக் கூறுகிறது. வியப்பு என்று இன்று அதனை வழங்குகிறோம். அது பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். முன் காணாதது, மிகப் பெரியது, மிக நுண்ணியது, ஒன்று மற்றொன்றாகத் திரிவது என்று அவற்றை விரித்துக்கொள்ளலாம். வாரந்தோறும் காணும் புதிய உலகம் புதுமை. எல்லை காணா விண்வெளி பெருமை. அதனிடையே ஒளிப்புள்ளியாகத் தெரியும் 311 உயிர்களின் தளம் சிறுமை. உருமாறும் மாயாவோ ஆக்கம். நான்கையும் இவ்வளவு வெளிப்படையாக ஒருங்கே வைத்த தொடர் வேறு உண்டோ என்று ஐயுறலாம். மருட்கை அறிவு நிரம்பாத இடத்தில் தோன்றுவது என்பதையும் அந்நூற்பா குறிப்பாகச் சுட்டுகிறது. அறிவு தன் கணக்கை முடிக்கும் முன்னரே வியப்பு வந்து நின்றுவிடுகிறது. கணக்கு முடிந்ததும் குறைகள் தெரிகின்றன. இரண்டும் ஒரே மனத்தில், ஆனால் வெவ்வேறு கணத்தில் நிகழ்கின்றன. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. நேற்றிரவு வியந்தவனும் இன்று காலை பிழை கண்டவனும் ஒருவனே. இருவரும் கண்டது உண்மையே.

இங்குதான் நேர்மை பற்றிய வினா தன் கூர்மையைக் காட்டுகிறது. சுவைத்தேன் என்பது ஒரு சான்றுரை. நன்று என்பது ஒரு தீர்ப்பு. சான்று சொல்பவன் தனக்கு நிகழ்ந்ததைச் சொல்லக் கடமைப்பட்டவன். தீர்ப்புச் சொல்பவன் பொருளின் தகுதியைச் சொல்லக் கடமைப்பட்டவன். இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதால் வரும் தீங்குகளே பெரிது. தனக்குப் பிடித்துவிட்டது என்பதற்காக, அத்தொடரில் இல்லாத தத்துவங்களை எல்லாம் ஏற்றி அதனைக் காப்பியமாக்க முயல்வோர் உளர். உரைகாரர் வேலையை இவர்கள் எடுத்துக்கொள்கின்றனர். ஆனால் உரைகாரரின் ஒழுங்கு இவர்களிடம் இல்லை. தரம் குறைந்தது என்பதற்காக, அதனைப் பார்த்ததையே மறைப்போர் வேறு சிலர். கட்டுரையில் செய்திகளை விரும்புவதாக எழுதும் மாணவன் இவர்களிடமே பாடம் கற்றவன்.

மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. அவர்கள் பார்க்கவும் செய்வர். ஒவ்வொரு காட்சியையும் எள்ளி நகையாடவும் செய்வர். தம்மை உயர்ந்த படியில் நிறுத்திக்கொண்டு, கீழே நின்று இன்பத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும் இவ்வழக்கம் இன்று மிகுந்துவிட்டது. இதைக் காட்டிலும் முதலிருவர் மேலானவர் என்றே தோன்றுகிறது. தவறாகப் புகழ்பவன் நன்றியால் தவறுகிறான். மறைப்பவன் நாணத்தால் தவறுகிறான். எள்ளுபவனிடம் நன்றியும் இல்லை, நாணமும் இல்லை.

முதற் பருவத்தில் 'அசுரனின் ஆட்சிக்களம்' எனத்தக்க தலைப்பில் ஒரு பகுதி இருக்கிறது. டோனி செல்லினி என்னும் விண்வெளி வீரர், கைவிடப்பட்ட கலங்கள் மிதக்கும் ஒரு சுடுகாட்டில் பேருருவம் ஒன்றைக் கண்டார். அது அவர் தோழரை ஒவ்வொருவராக விழுங்கியது. அவர் ஒருவரே மீண்டார். கருவிகள் எதனையும் பதிவு செய்யவில்லை. ஆகவே அவர் சொல்லை அதிகாரிகள் நம்பவில்லை. பின்னர் நிலா நெடுந்தொலைவு சென்றபின், அதே சுடுகாடு எப்படியோ அதன் பாதையில் எதிர்ப்படுகிறது. கதைக்கு வேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. பூதமோ கண்ணும் நெளியும் கைகளும் கொண்ட பொம்மை என்பது சிறுவர்க்கும் தெரியும். ஆனால், கண்டதைச் சொன்னவனைக் கருவியின் பேச்சைக் கேட்டு நம்ப மறுத்த உலகமும், அதற்காகத் தன் உயிரையே பணயம் வைத்து அப்பூதத்தை மீண்டும் எதிர்கொள்ளச் செல்லும் அவன் நடையும் பொம்மையல்ல. தனக்கு நிகழ்ந்ததை நிகழ்ந்தது என்று சொன்னமைக்காகவே தண்டிக்கப்பட்டவன் செல்லினி.

எதனையும் சுவைக்கலாம், சுவைத்ததைச் சொன்னால் போதும் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிட முடியாது. குறைகளில் கைக்குறை உண்டு, நெஞ்சக்குறையும் உண்டு. உரையாடல் மரக்கட்டையாக இருப்பது கைக்குறை. ஓரினத்தாரை இழிந்தோராகவும், பெண்ணை விலைப்பொருளாகவும் காட்டி அதில் பார்ப்போரையும் மகிழ வைப்பது நெஞ்சக்குறை. அத்தகைய படைப்பில் இன்புற்றவன், தன் இன்பத்தை ஒளிவின்றிச் சொல்லிவிட்டதனால் மட்டும் விடுபட மாட்டான். 'ஸ்பேஸ்: 1999' இவ்வகையில் பெரும்பாலும் தூயது. பல இனத்தவர் அதன் தளத்தில் ஒருங்கே பணியாற்றினர். அயலுலகத்தாரைக் கண்டதும் சுடுவதை வீரமாக அது போற்றவில்லை. அதன் குறைகள் ஏறத்தாழ யாவும் கைக்குறைகளே.

இன்னும் வலுவான எதிர்ப்பு ஒன்று எஞ்சுகிறது. அது தரத்தைப் பற்றியதன்று, காலத்தைப் பற்றியது. பகுதிக்கு 50 நிமிடம் என்று கொண்டால், 48 பகுதிகளுக்கு 40 மணி நேரம். அந்நேரத்தில் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையுடன் பெரும்பகுதி படித்துவிடலாம். நல்லது ஒன்று கைக்கெட்டும் தொலைவில் காத்திருக்க, நல்லதல்லாததில் நாற்பது மணி நேரத்தைச் செலவிடுவது வாழ்நாளைப் பற்றிய கணக்கில் பிழையாகாதா? இதற்கு முழுமையான விடை இல்லை. நாள் முழுவதும் வகுப்பில் நின்று களைத்த மனத்திற்கு ஓய்வு வேண்டும் என்று சொல்லலாம். அது உண்மை, ஆனால் அரை விடை. உயர்ந்த நூல் தன் நிறைவினாலேயே படிப்பவனைப் பணிய வைக்கிறது. குறையுடையது தன்னை நிறைவு செய்யுமாறு அவனை அழைக்கிறது என்றும் சொல்லலாம். பெர்க்மன் என்ன ஆனார் என்று எழுத்தாளர் சொல்லாமற்போகவே, ஆயிரம் பேர் தாமே எண்ணிப் பார்த்தனர். இதுவும் உண்மை. எனினும் நாற்பது மணி நேரம் நாற்பது மணி நேரமே. அவ்விழப்பை இழப்பென்று அறிந்து ஏற்பவனைக் குறைகூறுவதற்கில்லை. இழப்பே இல்லை என்று சாதிப்பவனிடம் வாதிட இடமுண்டு.

வகுப்பறைக்குத் திரும்பினால், அத்தலைப்பில் ஆசிரியர் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்பது தெரியவரும். எதனை விரும்புகிறாய் என்பதற்கு மாணவன் எந்த விடை தந்தாலும் அதற்குப் புள்ளி கூட்டவோ குறைக்கவோ ஆசிரியர்க்கு உரிமையில்லை. அது சான்றுரை. எதனால் விரும்பினாய், எங்கே அது தவறியது என்பதற்கு அவன் தரும் விடையிலேயே கற்பித்தலுக்கு இடம் உண்டு. பேயும் பூதமும் வரும் தொடரொன்றைப் பார்த்துவிட்டு, கதையில் இன்ன இடத்தில் காரணம் பொருந்தவில்லை, ஆனாலும் இன்ன காட்சியில் எனக்கு அச்சம் வந்தது என்று எழுதும் மாணவனின் கட்டுரை, செய்திகளைப் புகழும் பத்துக் கட்டுரைகளிலும் மேலானது. அதில் ஒற்றுப்பிழை நிறைந்திருக்கலாம். ஒற்றைத் திருத்துவது எளிது. நெஞ்சறிந்த பொய்யை எட்டுப் புள்ளி கொடுத்து வளர்த்துவிட்டால், பின்னர் குறுந்தொகையைப் படித்துவிட்டு மிக நன்று என்று அவன் சொல்லும்போது, அது மெய்யா, மற்றொரு கட்டுரையா என்று அறிய வழியின்றிப் போகும்.

1999ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள் வந்தது. நிலா தன் பாதையில்தான் சென்றுகொண்டிருந்தது. அன்று அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அத்தொடரின் அன்பர்கள் ஒன்றுகூடினர். அவர்கள்முன் ஒரு குறும்படம் முதன்முறையாகத் திரையிடப்பட்டது. தொடரில் சாண்ட்ரா பெனஸ் என்னும் ஆல்பா பணியாளராக நடித்தவரும், பர்மாவில் பிறந்தவருமான சீனியா மெர்ட்டன் அதில் அதே பாத்திரமாக மீண்டும் தோன்றினார். எழுதியவர் தொடரின் முதன்மை எழுத்தாளர்களுள் ஒருவரான ஜானி பிர்ன். வாழத்தக்க ஓர் உலகிற்குத் தோழர் யாவரும் சென்றுவிட, தளத்தில் எஞ்சி நிற்கும் சாண்ட்ரா, பூமியை நோக்கி இறுதிச் செய்தியை அனுப்புகிறாள். முன்பு முடிவின்றி நிறுத்தப்பட்ட கதைக்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த முடிவு அது. அங்கே அமர்ந்திருந்தோர் எவரும் நிலா பெயர்ந்துவிடும் என்று நம்பி வந்தவரல்லர். அத்தொடரின் பிழைகளை விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் அவர்களைவிட வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அச்செய்தி முடியும்வரை அவர்கள் கேட்டுக்கொண்டிருந்தனர்.